பிகாவா? டூக்கனா? – ஒரு சூடான பட்டிமன்றம்!

ஏப்ரல் மாசம். செமஸ்டர் எக்ஸாம். ஹால் முழுக்க ஃபேன் ஓடுது, உங்க தலைக்கு மேல இருக்கிறது மட்டும் ஓடலை. என்ன செய்வீங்க? காலரைத் தூக்கிவிட்டு ஊதுவீங்க. கொஸ்டின் பேப்பரை விசிறியாக்குவீங்க. எதுவும் முடியலைன்னா சட்டை நனைய வியர்த்துக்கிட்டே எழுதி முடிச்சிட்டு வெளியே வருவீங்க. வந்ததும், 'சே, என்ன வெயில்டா மாப்ள!'

அந்த வியர்வையைத் திட்டாதீங்க பாஸ். அதுதான் உங்களைக் காப்பாத்தி வெளியே அனுப்பியிருக்கு. மனுஷ உடம்புல 20 லட்சத்துக்கும் மேல வியர்வைச் சுரப்பிகள் இருக்கு. உடம்பு சூடானா தண்ணி தெளிச்சு ஆற வைக்கிற ஆட்டோமேட்டிக் சிஸ்டம்!

அந்த வசதி இல்லாதவங்க என்ன செய்வாங்க? இந்த ஒரு கேள்வியை வெச்சுக்கிட்டு இன்னிக்கு ஒரு பட்டிமன்றம் நடத்தப் போறோம். ஒரு பக்கம், பனிமலையில் பாறை இடுக்குல வாழுற உள்ளங்கை அளவு பாலூட்டி, பிகா. இன்னொரு பக்கம், தென் அமெரிக்காவின் வெப்பமண்டலத்துல பறக்கிற கலர்ஃபுல் பறவை, டூக்கன். நடுவர் யாருன்னு கேக்குறீங்களா? நீங்கதான். சோடா ரெடி. ஆரம்பிக்கலாமா?

ரவுண்டு 1: அறிமுகம்

முதல்ல பிகா. பேரைக் கேட்டதும் 'பிகாச்சு' ஞாபகம் வருதா? கார்ட்டூன் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு வராம இருக்காது. ஆனா ரெண்டுக்கும் சொந்தம் கிடையாது. ஜப்பான் மொழியில் 'பிகா'ன்னா பளிச்னு மின்னுறதைச் சொல்ற சொல். 'சூ'ன்னா எலி கத்துற சத்தம். அவ்வளவுதான் விஷயம்.

நம்ம ஹீரோ அமெரிக்கப் பிகா. வட அமெரிக்காவின் ராக்கி மலைகள், சியரா நெவாடா மலைகள்தான் சொந்த ஊர். எடை 150 கிராம் பக்கம், அதாவது ஒரு நடுத்தர ஆப்பிள் அளவு. உருண்டையான உடம்பு, உருண்டையான காது, வெளியே தெரியாத வால். பார்த்தா எலின்னு சொல்லத் தோணும். சொல்லிடாதீங்க, கோவிச்சுக்கும்! அது முயலின் பங்காளி. உடம்பு பூரா அடர்த்தியான ரோமம், பாதத்துக்கு அடியிலகூட ரோமம். ஸ்வெட்டரோட சாக்ஸும் சேர்த்துப் போட்டுக்கிட்டுப் பிறந்த பிள்ளை.

இந்தக் குடும்பத்துல பல இனங்கள் இருக்கு. நம்ம இமயமலையிலும் பிகா உண்டு. உத்தரகண்ட்ல துங்கநாத் கோயில் பக்கம் ட்ரெக்கிங் போனீங்கன்னா, பாறைக்கு நடுவுல ஏதோ ஒண்ணு எட்டிப் பார்த்துட்டு மறையும். அது ராயல் பிகா. 'ராயல்'னா ராஜ பரம்பரைன்னு நினைச்சுடாதீங்க. ராய்ல்னு ஒரு இயற்கை ஆய்வாளரோட பேர் அது.

அடுத்து டூக்கன். அதுல பெருசு 'டோகோ டூக்கன்'. கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்து, கண்ணைச் சுத்தி நீல வளையம், அப்புறம் அந்த ஆரஞ்சு அலகு! பறவையோட மொத்த நீளத்துல மூணுல ஒரு பங்கு அலகுதான். பார்த்தா, இதைத் தூக்கிக்கிட்டு எப்படிப் பறக்குதுன்னு பரிதாபமா இருக்கும். ஆனா எடையில அது இருபதுல ஒரு பங்குதான்! வெளியே நம்ம நகம் மாதிரி கெரட்டின் தகடுகள், உள்ளே எலும்பு இழைகளால் ஆன நுரை மாதிரி அமைப்பு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில், பிரேசில்ல பிறந்த மார்க் மேயர்ஸ் என்ற பேராசிரியரின் குழு 2005-ல் இதை ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்க. எடை குறைவா, ஆனா உறுதியா ஒரு பொருள் செய்றது எப்படின்னு மெட்டீரியல் சயின்ஸ்காரங்க இந்த அலகுகிட்ட பாடம் கேட்டாங்க.

ஒரு சின்ன குறுக்கீடு. 'இது நம்ம வால்பாறை இருவாச்சி மாதிரி இருக்கே'ன்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க. தப்பில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனா டூக்கன் மரங்கொத்திக்குச் சொந்தம், இருவாச்சி வேற குடும்பம். தனித்தனிக் கண்டத்துல தனித்தனியா வளர்ந்தும், ரெண்டு பேரும் பெரிய அலகுங்கிற ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்காங்க. காப்பி அடிக்காமலே ஒரே ஆன்சர்!

ரவுண்டு 2: சாப்பாடு

டூக்கனோட மெனு: பழம், பூச்சி, சமயத்துல பல்லி, அடுத்தவங்க கூட்டுல இருக்கிற முட்டை, குஞ்சு. கிளை நுனி தன் கனத்தைத் தாங்காதுன்னா, உள்ளே உட்கார்ந்துக்கிட்டே நீள அலகால எட்டிப் பறிக்கும். அலகு நுனியில பழத்தைப் பிடிச்சு, தலையைப் பின்னால சாய்ச்சு, ஒரே எறி. நேரா தொண்டைக்குள்ள! நம்ம தலைவர் சிகரெட் ஸ்டைலுக்குக் கொஞ்சமும் குறையாது.

பிகாவோட கதை வேற. அது மலையில வருஷத்துல பாதிக்கு மேல பனி மூடியிருக்கும். கரடி மாதிரி தூங்கிக் கழிக்கலாமேன்னா, பிகாவுக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. பனிக்கு அடியில முழிச்சுக்கிட்டே வாழணும். பசிக்குமே? அதனால கோடைக்காலம் முழுக்க ஓட்டம்தான். வாய் நிறைய புல்லும் பூவும் கவ்விக்கிட்டு வந்து பாறைக்கு அடியில வைக்கோல் போர் மாதிரி குவிக்கும். ஆயிரக்கணக்கான தடவை போய் வரும். அந்தக் கேப்புல பக்கத்து வீட்டுக்காரர் போர்ல கைவைக்கிற பிகாக்களும் உண்டு. ஹாஸ்டல்ல உங்க முறுக்கு டப்பா காலியான கதைதான்.

இதுல அசத்தலான மேட்டர் ஒண்ணு இருக்கு. அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் டியரிங் 1997-ல் கண்டுபிடிச்சுச் சொன்னது. பிகா கோடையில அப்பவே சாப்பிடறதுக்கு ஒரு வகை செடியைப் பறிக்குது. சேமிக்கிறதுக்கு வேற செடியைத் தேடுது. சேமிக்கிற செடியில ஃபீனால் என்ற நச்சுப் பொருட்கள் ஜாஸ்தி. அந்த நச்சுதான் போர் அழுகாம காக்குது, பிரிசர்வேட்டிவ் மாதிரி! மாசங்கள் போகப் போக நச்சு தானா குறையும். அப்புறம்தான் பிகா அதுல வாய் வைக்கும். நம்ம பாட்டி ஊறுகாய் போட்டுட்டு, 'இப்ப தொடாதே, ஊறட்டும்'னு சொல்வாங்களே... அதே டெக்னிக்!

நடுவர் அவர்களே, இந்த ரவுண்டுல மார்க்கை நீங்களே போட்டுக்குங்க. ஸ்டைலுக்கு டூக்கன், பொறுப்புக்கு பிகா.

ரவுண்டு 3: வெயில்

இப்பதான் மெயின் மேட்டர்.

டூக்கனுக்கு அவ்வளவு பெரிய அலகு எதுக்குன்னு பல காலமா குழப்பம். ஜோடியைக் கவர்றதுக்கா இருக்கலாம்னு சார்லஸ் டார்வின் நினைச்சார். பழம் பறிக்கன்னு சிலர், எதிரியைப் பயமுறுத்தன்னு சிலர். 2009-ல் கனடாவின் பிராக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளென் டாட்டர்சால், பிரேசில் விஞ்ஞானிகள் ரெண்டு பேரோட சேர்ந்து, வெப்பத்தைப் படம் பிடிக்கிற அகச்சிவப்பு கேமராவை டூக்கன் பக்கம் திருப்பினார். அறையின் வெப்பம் ஏற ஏற, அலகு பளபளன்னு சூடாச்சு. குளிர்ந்ததும் அலகும் குளிர்ந்துபோச்சு.

விஷயம் இதுதான். அலகோட மேல்பரப்புக்குக் கீழே ரத்தக் குழாய்கள் வலை மாதிரி ஓடுது. உடம்பு சூடானா குழாய் விரியும். சூடான ரத்தம் அலகுக்கு வந்து, காத்துல வெப்பத்தை விட்டுட்டு ஆறித் திரும்பும். குளிரடிச்சா குழாய் சுருங்கும். வெப்பம் உள்ளேயே பத்திரம். உங்க பைக் இன்ஜினைச் சுத்தி அடுக்கடுக்கா தகடு இருக்கே, அது எதுக்கு? காத்துல சூட்டை விடத்தானே? டூக்கன் அலகும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், பைக் தகட்டை மூட முடியாது. டூக்கனோட ரேடியேட்டருக்குத் திறந்து மூட ஒரு குழாய்த் திருகு இருக்கு! ஓய்வா இருக்கும்போது உடம்பு உண்டாக்குற வெப்பத்தைப் போல 4 மடங்கு வரைக்கும் அலகு வழியா வெளியேத்த முடியும்னு அவங்க கணக்குப் போட்டாங்க. ராத்திரி தூங்கும்போது அலகை முதுகுப் பக்கம் திருப்பி இறகுக்குள்ள செருகிக்கும். ரேடியேட்டருக்குப் போர்வை!

இப்ப பிகா பக்கம் வாங்க. பனியில வாழ அதுக்குக் கிடைச்ச வரம், வெப்பத்தை வெளியே விடாத அந்த ரோமக் கம்பளி. உடம்புச் சூடு எப்பவும் 40 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே இருக்கும். அது இன்னும் ஒரு மூணு டிகிரி ஏறினா உயிருக்கே ஆபத்து. ஆக, எல்லைக்கோட்டுக்கு ரெண்டடி தள்ளி நின்னு குடும்பம் நடத்துது. அமெரிக்க விலங்கியலாளர் ஆண்ட்ரூ ஸ்மித்தின் 1974-ம் வருஷத்து ஆய்வு இதைக் கொஞ்சம் கொடூரமாவே காட்டிச்சு. பாறைக்கு அடியில ஓடி ஒளிய வழியில்லாம வெளியே கூண்டில் வைக்கப்பட்ட பிகாக்கள், 25.5-லிருந்து 29.4 டிகிரி வெப்பத்துலயே சில மணி நேரத்துல இறந்துபோச்சு.

கவனிங்க... 25.5 டிகிரி! சென்னையில மார்கழி மாச மத்தியானம்கூட அதைத் தாண்டும். நாம 'இன்னிக்கு க்ளைமேட் சூப்பர்'னு பீச்சுக்குக் கிளம்புற வெயில், பிகாவுக்கு எமன்.

அப்படின்னா கோடையில எப்படிப் பிழைக்குது? பாறைக் குவியலுக்கு அடியில இயற்கையே ஒரு ஏ.சி. ரூம் வெச்சிருக்கு. மேலே வெயில் கொளுத்தினாலும் கல் இடுக்குல ஜில்லுனு இருக்கும். காலையிலயும் சாயங்காலமும் புல் சேகரிச்சுட்டு, உச்சி வெயில்ல உள்ளே போய் உட்கார்ந்துக்கும். டூக்கன் ரேடியேட்டரை மூஞ்சியிலயே தூக்கிட்டுத் திரியுது. பிகாவுக்கு வீடுதான் ரேடியேட்டர்.

இதுக்கு ஒரு தியரியும் இருக்கு. குளிர் பிரதேசத்து உயிர்களுக்குக் காது, வால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற உறுப்புகள் சின்னதா இருக்கும், வெப்பப் பிரதேசத்துல பெருசா இருக்கும்னு ஜோயல் ஆலன் 1877-ல் சொன்னார். 'ஆலன் விதி'ன்னு பேரு. பாலைவன முயலோட முறம் மாதிரி காதையும், அதோட பங்காளி பிகாவோட பட்டன் காதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, விதி தானா புரியும்.

ரவுண்டு 4: இவங்களால யாருக்கு என்ன லாபம்?

'அலகு அழகா இருக்கு, சரி. காட்டுக்கு என்ன பிரயோஜனம்?'னு எதிரணி கேட்கும். பதில் பிரேசில்ல இருக்கு.

அட்லாண்டிக் கடலோரக் காடுகள்ல ஜுசாரான்னு ஒரு பனை வகை. அதோட பெரிய விதைகளை முழுங்கி வேற இடத்துல போடுறது டூக்கன் மாதிரி பெரிய வாய்ப் பறவைகள்தான். காபிக்கும் கரும்புக்கும் காட்டை வெட்டினதுல பல இடங்கள்ல அந்தப் பறவைகள் காணாமப் போச்சு. அந்த இடங்கள்ல பெரிய விதைகளைச் சுமக்க ஆள் இல்லை. சின்ன வாய்ப் பறவைகளால முழுங்க முடிஞ்ச சின்ன விதைகள் மட்டுமே பரவின. நூறு வருஷத்துக்குள்ளயே அந்தப் பனையின் விதை சிறுத்துப்போச்சுன்னு மவுரோ கலெட்டி குழு 2013-ல் 'சயின்ஸ்' இதழ்ல எழுதிச்சு. சின்ன விதையில சத்தும் ஈரமும் கம்மி. வறட்சி வந்தா அதுதான் முதல்ல வாடும். ஒரு பறவை போனா, ஒரு மரத்தோட எதிர்காலமே சுருங்குது!

டூக்கன் ஒண்ணும் சத்தியசந்தன் இல்லை, அதையும் சொல்லிடறோம். பிரேசிலோட பந்தனால் சதுப்பு நிலத்துல நீலப் பஞ்சவர்ணக் கிளிகள் பெரும்பாலும் மாண்டுவின்னு ஒரு மரத்துப் பொந்துலதான் கூடு கட்டும். அந்த மரத்தோட விதைகள்ல பெரும்பகுதியைப் பரப்புறது டோகோ டூக்கன். அந்தக் கிளிகளோட முட்டைகளை அதிகமா திருடித் தின்கிறதும் அதே டோகோ டூக்கன்! வீடு கட்டிக் கொடுக்கிறவரும் அவர்தான், கன்னம் வைக்கிறவரும் அவர்தான். டூக்கனை விரட்டினா முட்டை தப்பிக்கும், நாளைக்குக் கூடு கட்ட மரம் இருக்காது. இயற்கையில 'இவன் நல்லவன், அவன் கெட்டவன்'னு சினிமா மாதிரி பிரிக்கவே முடியாதுங்க.

பிகா அணியும் சும்மா இல்லை. திபெத் பீடபூமியில வாழுற பிகாக்கள் வளை தோண்டுற இனம். கால்நடைக்கான புல்லைத் தின்னுதுன்னு அங்கே பல வருஷமா அதுங்களுக்கு விஷம் வெச்சாங்க. ஆனா அதோட வளைகள்தான் பனிக்குருவிகளுக்குக் கூடு. நரியும் பருந்தும் அதை நம்பித்தான் வயித்தைக் கழுவுது. போதாததுக்கு, வளை இருக்கிற நிலத்துல மழைத் தண்ணி நல்லா உள்ளே இறங்குது. தண்ணி உள்ளே இறங்கலைன்னா என்ன ஆகும்? மேலோட ஓடி, கீழே இருக்கிற ஊருக்கு வெள்ளமா வரும். 150 கிராம் பிராணின்னு ஈஸியா எடை போட்டுடாதீங்க.

ரவுண்டு 5: நாளைக்கு யார் இருப்பாங்க?

பூமி சூடாகுது, தெரிஞ்ச செய்திதான். ஆனா அந்தச் செய்தி இவங்க ரெண்டு பேருக்கும் வேற வேற மாதிரி போய்ச் சேருது.

கோஸ்டாரிகாவுல மோண்டிவெர்டேன்னு ஒரு மேகக் காடு. எப்பவும் மேகம் தொட்டுக்கிட்டு ஈரமா இருக்கிற மலைக்காடு அது. அங்கே அடிவாரத்துல இருந்த ஒரு டூக்கன் இனம் மேலே ஏறி வந்து, மலைவாசியான கெட்ஸால் பறவைகளுக்குப் பக்கத்துலயே குடும்பம் நடத்த ஆரம்பிச்சதை 1999-ல் ஆய்வாளர்கள் பதிவு பண்ணினாங்க. சூடு ஏற ஏற டூக்கன் மலை ஏறுது. மேலே ஏற இடம் இருக்கிறவரைக்கும் அதுக்கு ஒரு வழி இருக்கு. ஆனா ஏற்கெனவே மேலே இருக்கிறவங்க எங்கே போவாங்க?

பிகா மாட்டிக்கிட்ட இடம் அதுதான். அது ஏற்கெனவே உச்சியில நிக்குது. பக்கத்து மலைக்குப் போலாம்னா நடுவுல சூடான பள்ளத்தாக்கு. ஒவ்வொரு மலையும் ஒரு தீவு மாதிரி. அமெரிக்காவின் கிரேட் பேசின் பகுதியில பழைய பதிவுகள்ல இருந்த 25 இடங்களைத் தேடிப் போனப்ப, 7 இடங்கள்ல பிகா இல்லைன்னு 2003-ல் எழுதினாங்க. கலிபோர்னியாவுல தாஹோ ஏரிக்கு வடக்கே 165 சதுர கிலோமீட்டர் பரப்புல பிகாவே அழிஞ்சுபோச்சுன்னு 2017-ல் இன்னொரு ஆய்வு சொல்லிச்சு. இதுல ஒரு வேடிக்கையான வேதனை என்னன்னா, வெயில் மட்டும் பிரச்னை இல்லை. பனி குறைஞ்சா குளிரும் பிரச்னை. மேலே மூடியிருக்கிற பனிதான் பிகாவுக்குப் போர்வை. அந்தப் போர்வை இல்லாத இடத்துல மலைக் குளிர் நேரா உள்ளே இறங்கிடும்.

உடனே இரங்கல் கூட்டம் போட்டுடாதீங்க. ஒரேகான் மாநிலத்துல கொலம்பியா நதிப் பள்ளத்தாக்குல, கிட்டத்தட்ட கடல் மட்டத்துலயே பிகாக்கள் வாழுது. எப்படி? பாறையை மூடின பாசி அந்த இடத்தைக் குளிர்ச்சியா வெச்சிருக்கு. மத்த பிராணிகள் அவ்வளவா தொடாத அந்தப் பாசியையே அதுங்க முக்கியச் சாப்பாடாவும் ஆக்கிக்கிச்சு. பெரிய மலைத்தொடர்கள்ல பிகா நாம பயந்ததைவிடத் தெம்பா இருக்குன்னு 2020-ல் எழுதினவர் வேற யாருமில்ல... 1974-ல் அந்தக் கூண்டு ஆய்வை எழுதின அதே ஆண்ட்ரூ ஸ்மித்! அரை நூற்றாண்டு ஒரே பிராணியைப் பார்த்துக்கிட்டே இருந்து, தானே எழுதினதுக்குப் பக்கத்துல இன்னொரு பக்கத்தையும் எழுதுறதுக்கு ஒரு நேர்மை வேணும். ப்ராஜெக்ட் ரெக்கார்டுல ரிசல்ட்டை 'அட்ஜஸ்ட்' பண்றவங்க கொஞ்சம் கவனிக்க!

இன்னொரு தகவல். ஆஸ்திரேலியக் கிளிகள் சிலதுல 1871-லிருந்து இதுவரைக்கும் அலகோட பரப்பு 4-லிருந்து 10 சதவிகிதம் வரை பெருசாகியிருக்குன்னு 2021-ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை சொல்லுது. பூமி சூடாகச் சூடாக பறவைகள் ரேடியேட்டரைப் பெருசாக்குதோ என்னவோ! ஆனா அதுக்கு 150 வருஷம் ஆகியிருக்கு. சூடு அவ்வளவு பொறுமையா ஏறலையே?

தீர்ப்பு

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லுங்க. ஜெயிச்சது யார்?

டூக்கனைக் கொண்டுபோய் ராக்கி மலையில விட்டா, முதல் குளிர்காலத்துலயே பழமில்லாம முடிஞ்சிடும். பிகாவைக் கொண்டுவந்து பந்தனால்ல விட்டா, ஒரு மத்தியானம் தாங்காது. அதது அந்தந்த இடத்துல ராஜா. 'எது பெஸ்ட்?'ங்கிற கேள்விக்கு முன்னால 'எங்கே?'ன்னு ஒரு கேள்வி இருக்கு. அதை விட்டுட்டு கம்பேர் பண்ணினா, எந்தத் தீர்ப்பும் தப்பாத்தான் போகும். பக்கத்து வீட்டுப் பையனோட மார்க் ஷீட்டை வெச்சு உங்களைக் கம்பேர் பண்ற மாமாகிட்டயும் இதைச் சொல்லலாம். சொல்லிட்டு ஓடிடுங்க!

ஆனா இந்தப் பட்டிமன்றத்துல சிரிச்சுட்டுப் போக முடியாத இடம் ஒண்ணு இருக்கு. பிகா எதையும் தப்பா பண்ணலை. அது போட்டிருக்கிற கம்பளி மாறலை. கோடை முழுக்க ஓடி ஓடிச் சேர்க்கிற உழைப்பும் மாறலை. அது நிக்கிற மலைதான் மாறிக்கிட்டிருக்கு. நேத்து வரைக்கும் உயிரைக் காத்த கம்பளி, இன்னிக்கு அதைக் கழட்ட முடியாத சட்டையா அழுத்துது. அந்தச் சூட்டை ஏத்தினதுல பிகாவுக்கு ஒரு பங்கும் இல்லை. பங்கு யாருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்த தடவை எக்ஸாம் ஹால்ல ஃபேன் ஓடலைன்னா, நெத்தி வியர்வையைத் துடைக்கும்போது ஒரு செகண்ட் நினைச்சுப் பாருங்க. நமக்கு வியர்வை இருக்கு. டூக்கனுக்கு அலகு இருக்கு. பிகாவுக்கு இருக்கிறதெல்லாம் ஒரு பாறை நிழல்தான். அதையாவது அதுக்கு விட்டு வைப்போமே, என்ன சொல்றீங்க?